பஸ்ஸில் வந்த துணைப்பொதிகள்

நாளை காலை பேராசிரியரிடம், நான் அளந்த நண்டுகளின் அளவுகளை வரைபடங்களாகக் காட்ட வேண்டும். அவை இல்லாமல் ஆய்வறிக்கையைப் பார்க்கமாட்டேன் என்றுவிட்டார்.

புள்ளிவிபர மென்பொருள் இருக்கிறது. அதனோடு சேர்த்து நிறுவ வேண்டிய, வரைபடம் போடும் துணைப்பொதி இல்லை. எங்கள் ஊர் புளியங்கூடலில் என் கணினிக்கு இணையமும் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து நண்பன் நிரோஜன் அதைப் பென் டிரைவில் போட்டு, காலை பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நிறுவினேன். அது இயங்க இன்னொரு பொதி வேண்டுமாம்.

"எனக்கெப்பிடித் தெரியும்? இஞ்சை எல்லாம் தானாய் இறங்கினது" என்றான் தொலைபேசியில்.

பென் டிரைவைத் திருப்பி அனுப்பினேன். மத்தியான பஸ்ஸில் இரண்டாவது பொதி வந்தது. அது மூன்றாவதைக் கேட்டது.

பின்னேரம் கொண்டக்டர் பென் டிரைவை நீட்டினார்.

"தங்கச்சி, கதிரை வாங்கினா நாலு காலோடதான் தருவினம். இதென்ன, ஒவ்வொரு காலாய் வருது?"

"இதுதான் அண்ணை கடைசி."

கடைசி இல்லை. மென்பொருளே பழையதாம். புதிய பதிப்பு வேண்டுமாம். இனி இன்றைக்கு பஸ்ஸும் இல்லை.

இதைக் கைபேசியில் எழுதுகிறேன்; அதன் சிக்னல் எழுத்து அனுப்ப மட்டும்தான் காணும். வேலணைப் பக்கம் யாரிடமாவது புதிய பதிப்பு இறுவட்டிலோ பென் டிரைவிலோ இருக்கிறதா? சைக்கிளில் வருகிறேன். அதற்கு வேறென்ன வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.