இரண்டு முடிவு சொன்ன அத்தை

என் அத்தை கூரியர் அலுவலகத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிப்பவள். பல வருடங்களாக ஒரே திரைக்கதையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்களின் அலுவலகங்களில் காத்துக் கிடந்தவள். அங்கே யாரும் கதையைப் படிக்கமாட்டார்கள். எதிரே உட்காரவைத்து, முதல் காட்சியிலிருந்து வாயால் சொல்லச் சொல்வார்கள். இந்த இடமும் கைவிரித்தால் எழுதுவதையே விட்டுவிடுவேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று கிளம்பினாள்.

வீட்டை விட்டு வெளியேறி லாரி ஓட்டும் ஒரு பெண்ணின் கதை அது. கடைசிக் காட்சியில் தன் வீட்டு வாசலைத் தாண்டும்போதும் அவள் வண்டியை நிறுத்துவதில்லை. அத்தை சொல்லி முடித்ததும் தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். பிடித்துவிட்டது என்று முகமே சொன்னது.

அப்போதுதான் பக்கத்தில் இருந்த மேனேஜர் வாயைத் திறந்தார். அவர் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்.

"ஏம்மா, நான் முன்னாடி இருந்த சீரியல் கம்பெனியிலயும் இதே கதைய சொன்னீங்களே? அதுல அவ வண்டிய நிறுத்திட்டு வீட்டுக்குள்ள போனா!"

அத்தை திரைக்கதையைப் பைக்குள் தள்ளினாள்.

"கதை சொல்றீங்களா, துணி தைக்கிறீங்களா? ஆளுக்கு ஒரு அளவு!" மேனேஜர் சிரித்தார்.

தயாரிப்பாளர் சிரிக்கவில்லை. "எது உங்க கதை?"

எந்தப் பதில் இவருக்குப் பிடிக்கும் என்று அத்தை வழக்கம்போல் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"வண்டி நிக்காது சார்."

"அப்ப அங்க ஏன் நிறுத்துனீங்க?"

"குடும்பக் கதைதான் வேணும்னாங்க. பயந்துட்டேன். நிறுத்தியும் அவங்க வாங்கல."

"நானும் நிறுத்தச் சொன்னா?"

அத்தை பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வேற கதை எழுதித் தர்றேன் சார். இவள இனிமே என்னால இறக்கிவிட முடியாது."

தயாரிப்பாளர் மேனேஜரிடம் திரும்பினார்.

"அக்ரிமென்ட் போடுப்பா. அந்த இன்னொரு முடிவ இந்தம்மா இனி யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு ஒரு வரி சேர்த்துக்கோ."

அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படி வரை கூடவே வந்த மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்த முடிவுல அவ வீட்டுக்குள்ள போனதும் அவங்கம்மா ஒண்ணு சொல்வாங்களே, அது என்ன? எங்க வீட்டுல சொல்லிப் பார்த்தேன், சரியா வரல."

அத்தை சொல்ல வாயெடுத்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அக்ரிமென்ட் நீங்க போட்டதுதானே சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.