இலைமாவில் ஏறிய துத்தநாகம்

எந்தச் சத்து குறைகிறது என்று பார்க்கத் தோட்டங்களிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வரும் இலைகளைக் கழுவி, ஓவனில் காயவைத்து, அரைத்து, சலித்துப் பொட்டலம் போடுவது அவள் வேலை. 'மாவுக்காரி' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. கையுறை போட வேண்டும் என்பது விதி. உறையோடு சல்லடையைப் பிடித்தால் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிடுவாள். சொன்னால் கேட்கிற ரகமா அவள்!

கணவன் தபால் வண்டி ஓட்டுபவன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து ஆசையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பேர்ப்பட்டவன் அவள் கையைப் பார்த்துவிட்டு, மருந்துக்கடையில் ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கி வந்தான். தினமும் காலையில் அவள் கிளம்புமுன் விரல் விரலாகத் தடவிவிட்டான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே அவள் சீக்கிரம் எழுந்தாள். உண்மையைச் சொன்னால், கை ஆறிவிடக் கூடாதே என்றுகூட நினைத்தாள்.

இதற்கிடையில் ஆய்வாளர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எந்தத் தோட்டத்து இலையானாலும் துத்தநாகம் எக்கச்சக்கமாகக் காட்டியது. அரைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார், தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவளையே கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, நீங்க லீவு போட்டன்னைக்கு நான் அரைச்சது மட்டும் சரியா இருக்கு. இதை நம்பி உரம் போடுறவங்க கதி என்ன ஆகும்?"

வீட்டுக்கு வந்தவள் களிம்பு டப்பாவை எடுத்துப் படித்தாள். துத்தநாகம் கலந்தது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சொன்னால் களிம்பு நிற்கும், அதோடு காலைப்பொழுதும் போகும். சொல்லாவிட்டால் யார் யாருடைய தோட்டமோ வீணாகும். பாவம், அன்று குழம்பில் உப்புப் போடக்கூட மறந்துபோனாள்.

காலையில் கையை இழுத்துக்கொண்டாள். "இனிமே இது வேண்டாங்க. இலையில ஒட்டிக்குதாம்."

அவன் மூடியைத் திருகி மூடினான்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கையுறைக்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த இலைகளையெல்லாம் மறுபடி அரைக்கச் சொன்னார் ஆய்வாளர். அரைத்தாள். அதெல்லாம் அவளுக்கு வலிக்கவில்லை.

மறுநாள் பழக்க தோஷத்தில் சீக்கிரமே எழுந்து, சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டான்.

"களிம்பு கூடாதுன்னு சொன்னேன்ல?"

"போடலையே."

"அப்புறம் எதுக்குக் கையைப் பிடிச்சிருக்கீங்க?"

"ஏன், பிடிக்கவும் கூடாதுன்னு உங்க ஆய்வாளர் சொன்னாரா?"