நான்காவது பெயர்

பாடியவன் போய்விட்ட பிறகு அவன் பாடிய இடத்தை என்ன செய்வது? இன்னொருவரை வைத்து நிரப்பலாம். அப்படி ஒரு இடமே இருந்ததில்லை என்பதுபோல் மூடிவிடலாம். காலியாகவே வைத்திருக்க முடியுமா? முடியுமென்றால் எத்தனை காலம்? பியோ மிராங்கைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அவர் இதைக் கேள்வியாக நினைத்தாரா என்று தெரியாது.

சியோலின் மாங்வொன் சந்தையில் என் பழைய புத்தகக் கடைக்கு அடுத்தது மிராங்கின் கிம்பாப் கடை. கடற்பாசித் தாளில் சோற்றைப் பரப்பி, முட்டையும் முள்ளங்கியும் வைத்துச் சுருட்டும் அவருடைய கைகள் பேச்சுக்காக நிற்பதில்லை. கல்லாவுக்கு மேலே ஐந்து இளைஞர்களின் படம் மாட்டியிருக்கும். சோல்பித் குழு. கால் நூற்றாண்டாகப் பாடுகிறார்கள். பள்ளிச் சீருடையோடு அவர்களுடைய முதல் மேடையைப் பார்க்கப் போன மிராங், பின்னாளில் சியோல் ரசிகர் மன்றத்தின் தலைவியானார். அவர்கள் பாடல்களில் மூன்று நல்லவை, மற்றவை பிழையற்றவை. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "மூணு தேறுச்சா? உங்களுக்கு அதுவே அதிகம், அண்ணே" என்றார்.

பாட்டு தொடங்குமுன் இசை மட்டும் ஓடும் அந்தச் சிறு நேரத்தில், அரங்கம் முழுவதும் பாடகர்களின் பெயர்களை மூத்தவரில் தொடங்கி வரிசையாகக் கூப்பிடுவது எங்கள் நாட்டு ரசிகர்களின் வழக்கம். ஒரு தாளத்துக்கு ஒரு பெயர். நாம் தேக்யோம், பாங் இன்சு, மா சொன்ஹோ, கு தோயுல், யோம் சிவூ. ஏழாம் ஆண்டில் நான்காமவர் தோயுலுக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் திரும்பவில்லை. அவர் குழுவை விட்டுப் போனார். குழுவை நடத்தும் கம்பெனி புதிய வரிசையை அறிவித்தது: நான்கு பெயர்கள். அவர் உச்சத்தில் பாடிய வரிகள் இளையவர் சிவூவுக்குப் போயின.

அடுத்த நிகழ்ச்சியில் பாதி அரங்கம் பழக்கத்தில் தோயுலைக் கூப்பிட்டது. பாதி அரங்கம் அறிவிப்பின்படி சிவூவைக் கூப்பிட்டது. இரண்டு பெயர்களும் மோதிக் குழம்பின. தேக்யோம் முதல் வரியைத் தவறவிட்டார். சிவூ, அது தன் குற்றம்போல, மேடையிலேயே குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் மன்றத்துப் பெண்கள் கிம்பாப் கடையில் கூடினார்கள். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் கி ஹேவொனுக்குத்தான் வாய் அதிகம்.

"போனவரு போயிட்டாரு, அக்கா. இருக்கிற நாலு பேரையாவது ஒழுங்கா கூப்பிடுவோம்."

"சரி, நாலு பேரையே கூப்பிடுவோம்" என்றார் மிராங்.

"அப்ப கம்பெனி சொன்னதுதானே?"

"இல்ல. மூணு பேரு. அப்புறம் ஒரு தாளம் சும்மா. அப்புறம் சிவூ."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா. கைய மூடி நெஞ்சுல வெச்சுக்கிட்டு, வாயையும் மூடிக்கணும்."

"இங்க நாலு பேரு சாப்பிடும்போதே வாய மூட மாட்டேங்கிறோம். அரங்கம் பூரா மூடுமாக்கும்?"

"உன் வாய் மூடிட்டா மத்ததெல்லாம் தானா மூடிரும்."

அது லேசில் நடக்கவில்லை. குளிரில் அரங்க வாசலில் நின்று, வரிசையில் வருகிற பெண்களுக்கெல்லாம் மிராங் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி எங்காவது ஒரு மூலையில் யாராவது பெயரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஒரு டிசம்பரில் அது நடந்தேவிட்டது. மூன்று பெயர்கள், அதன் பின் ஒன்றுமில்லை. கூரையிலிருந்த விளக்கு ஒன்று ரீங்கரித்தது கேட்டதாக ஹேவொன் சொன்னாள். அன்று அந்த உச்ச வரிகள் வந்தபோது சிவூ மைக்கைக் கீழே இறக்கினார். அரங்கம் அந்த வரிகளைப் பாடியது. அதற்குப் பிறகு சிவூ அவற்றைப் பாடவே இல்லை. கம்பெனியும் ஒன்றும் சொல்லவில்லை.

இடையில் மற்ற நால்வரும் ஒருவர்பின் ஒருவராகக் கட்டாய ராணுவச் சேவைக்குப் போய் வந்தார்கள். மேடையில் இல்லாதபோதும் அவர்களுடைய பெயர்கள் கூப்பிடப்பட்டன. திரும்பி வருவார்கள் என்று தெரிந்தவர்களுக்குக் குரல். வருவாரா என்று தெரியாதவருக்கு மௌனம். இந்த வேறுபாட்டை நான் படித்த எந்தத் தத்துவ நூலிலும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

குழு ஒசாகாவுக்குப் போனது, ஜகார்த்தாவுக்குப் போனது, பிரேசிலுக்கும் போனது. தோயுல் பாடி ஒருமுறைகூட நேரில் கேட்டிராத பெண்கள் அங்கே நெஞ்சில் கை வைத்து நிற்பதை, நான் மிராங் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹேவொன் தன் கைபேசியில் காட்டினாள். எனக்குச் சிலிர்த்தது என்று எழுதத் தயங்குகிறேன். சாப்பிடுவதை நிறுத்தினேன் என்று எழுதலாம்.

நிகழ்ச்சிகளுக்குப் பூமாலைக்குப் பதில் நாடா கட்டிய அரிசி மூட்டைகளை அனுப்புவதும், அந்த அரிசி பிறகு இல்லாதவர்களுக்குப் போவதும் எங்கள் ரசிகர்களிடம் உள்ள பழக்கம். ஆண்டுதோறும் தோயுலின் பிறந்த நாளன்று, அவர் பெயர் எழுதிய மூட்டைகளை அவருடைய ஊரான காங்னுங்கில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மிராங் அனுப்பிவந்தார்.

இருபத்தைந்தாம் ஆண்டு நிகழ்ச்சிக்குச் சில வாரங்களே இருந்தபோது, பிற்பகலில் தொப்பி போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். கையில் உலர்ந்த மீன் கட்டு ஒன்று. நான் ஓரத்து மேசையில் இருந்தேன்.

"கீரை போடலாமா?"

"போடுங்க."

காகிதத்தை உரசுவதுபோன்ற குரல். மிராங்கின் கத்தி நின்றது. பிறகு வெட்டியது.

"நான் காங்னுங்ல மீன் காய வைக்கிறேன்" என்றார் அவர். "அங்க ஒரு இல்லத்துல போன மாசம் என்னப் பிடிச்சு நிறுத்தி, வருஷா வருஷம் அரிசி அனுப்புறீங்களேன்னு கும்பிட்டாங்க. நான் ஒரு பிடிகூட அனுப்பல. மூட்டைச் சீட்டுல இந்தக் கடை முகவரி இருந்துச்சு."

"நல்ல அரிசியா வருதா?"

"நல்ல அரிசிதான்."

"அப்ப யாரு அனுப்பினா என்ன? சாப்பிடுங்க, ஆறிரும்."

"கிம்பாப் ஆறுமா?"

"பேச்சு மாத்தத்தான் சொன்னேன்."

தோயுல் சிரித்தார். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னார்: "மேடைக்கு வரச் சொல்லி நாலு பேரும் கூப்பிடுறாங்க. அந்த உச்சம் இனிமே எனக்கு எட்டாது. கீழ்க்குரல்தான் மிச்சம். வந்து அசிங்கப்பட்டா அவங்களுக்கும் அசிங்கம்."

மிராங் பலகையைத் துடைத்தார். "உச்சத்த நாங்க இத்தன வருஷமா பாடுறோம். அதுக்கு ஆளு இருக்கு. கீழ பாடத்தான் ஆளு இல்ல."

வருவதாகவும் சொல்லாமல், வரமாட்டேன் என்றும் சொல்லாமல் அவர் எழுந்து போனார். மீன் கட்டு மேசையிலேயே இருந்தது.

"மறந்துட்டாரா, கொடுத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"தெரியல. வந்தா கேட்டுக்கலாம்" என்றார் மிராங்.

ஜாம்சில் என்ற அரங்கத்தில் நடந்த அந்த நிகழ்ச்சிக்கு மிராங் எனக்கும் ஒரு டிக்கெட் தந்திருந்தார். மூன்றாம் மாடியில் அவர் பக்கத்து இருக்கை. எங்கும் ரசிகர்கள் கையில் குழுவின் நிறமான கரும்பச்சை விளக்குகள். நால்வரும் பாதி நிகழ்ச்சியைப் பாடி முடித்துவிட்டார்கள். தோயுலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. மிராங் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, அந்த உச்ச வரிகள் வரும் பாட்டின் முன்னிசை தொடங்கியது. மேடையின் இடது ஓரத்திலிருந்து, நடப்பதற்கு யோசித்தவர்போல, தோயுல் வந்தார்.

யாருக்கும் தீர்மானிக்க நேரமில்லை. நாம் தேக்யோம். பாங் இன்சு. மா சொன்ஹோ. அடுத்த தாளத்தில், பதினெட்டு ஆண்டு மௌனம் இருந்த அந்த இடத்தில், அரங்கம் மொத்தமாகக் கூப்பிட்டது: கு தோயுல். எனக்கு முன்வரிசையில் ஹேவொன் தொண்டை கிழியக் கத்தினாள். தோயுல் ஓர் அடி பின்வாங்கினார். பிறகு முன்னே வந்தார். அந்த வரிகளைக் கீழ்க்குரலில் பாடினார். ஓரிடத்தில் குரல் உடைந்தது. அவருக்கு மேலே பல்லாயிரம் பெண்கள் உச்சத்தைப் பிடித்திருந்ததால் உடைந்தது கீழே விழவில்லை. பாட்டு முடிந்ததும் ஐவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்தார்கள். அந்தப் பாட்டை என் மூன்று நல்ல பாடல்களோடு நான்காவதாகச் சேர்த்தேன்.

நான்காவது பெயர் எழுந்தபோது தற்செயலாகத் திரும்பிய நான் ஒன்றைப் பார்த்தேன். மிராங்கின் கை நெஞ்சில் மூடியிருந்தது. வாயும் மூடியிருந்தது.

மறுநாள் கடையில் ஹேவொன் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் கூப்பிடலையாமே, அக்கா? புத்தகக்கடை அண்ணன் சொன்னாரு."

"மேடையப் பாக்க டிக்கெட் கொடுத்தா என் வாயப் பாத்திருக்காரு."

"ஏன் கூப்பிடல?"

"உனக்குக் கீரை போடவா, வேணாமா?"

இப்போது ஐவரும் சேர்ந்து பாடுகிறார்கள். ஊர் ஊராக அரங்கங்கள் ஐந்து பெயர்களையும் கூப்பிடுகின்றன. மிராங் எந்த நிகழ்ச்சியையும் விடுவதில்லை. முதல் மூன்று பெயர்களை உரக்கச் சொல்கிறார். நான்காவதில் நெஞ்சில் கை வைத்து வாயை மூடிக்கொள்கிறார். பிறகு சிவூவைக் கூப்பிடுகிறார்.