கோணல் பின்னல்

பொறாமை எனக்கு உண்டு. அதை ஒளிக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் ஓர் எட்டு வயதுப் பெண்ணுக்காக இன்னொரு வாத்தியாரம்மாவைப் பார்த்து வயிறெரிந்தேன் என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

யுத்த காலம் அது. கடத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஐந்தாம் வகுப்புக்குப் பெரிய டீச்சர். சிரித்தால் காசு கேட்பார்களோ என்பது போல ஒரு முகம் அவளுக்கு. அந்த மாசியில் என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா காலராவில் போய்விட்டாள். காரியம் முடிந்து பள்ளிக்கு வந்த பிள்ளை வாயே திறக்கவில்லை. வீட்டில் இனி அவளும் அப்பாவும் மட்டும். இவளை நான்தான் தேற்றப்போகிறேன் என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டேன்.

காலையில் அவள் தலை கண்றாவியாக இருக்கும். அப்பா பின்னியது. மேலே தொளதொளவென்று, கீழே கயிறாக முறுக்கி, நுனியில் வேட்டிக் கிழிசலால் ஒரு முடிச்சு. எனக்குப் பார்க்கப் பொறுக்காது. மணி அடிக்கும் முன்பே உட்காரவைத்து, அவிழ்த்து, எண்ணெய் தொட்டு வாரி, என் ரிப்பனையே கட்டிவிடுவேன்.

"உங்காத்தா இருந்தா இப்படித்தான பின்னிவுடும், கண்ணு?" என்பேன்.

அவள் கட்டையாக உட்கார்ந்திருப்பாள். அந்தக் கிழிசலை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள்.

மத்தியான மணி அடித்ததும் ஓடுவது பெரிய டீச்சரிடம். சாயந்தரம் பார்த்தால் என் பின்னல் இருக்காது. மறுபடி அதே கோணல், அதே கிழிசல் முடிச்சு. ரிப்பன் மடித்து என் மேசைமேல் கிடக்கும். என்னை மட்டம் தட்டத்தான் அந்த அம்மாள் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன். பின்னத் தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டியதுதானே, பெரிய இவள்!

ஒரு நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய டீச்சர் வாய்ப்பாடு கேட்டுத் திட்டிக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தாள். ஒரு மாதமாக நான் கெஞ்சியும் கிடைக்காத சிரிப்பு.

மறுநாள் காலை, பின்னலைப் பாதி அவிழ்த்தபோது கேட்டேவிட்டேன்.

"நா என்ன கண்ணு கொற வெச்சேன்? அந்த டீச்சர் பின்றது அவ்வளவு நல்லாவா இருக்குது?"

முதன்முதலாக என்னிடம் வாய் திறந்தாள்.

"இல்லீங்க டீச்சர். காத்தால எங்கப்பா போட்டாப்பலயே கோணலா போட்டுவுடுவாங்க. சாயந்தரம் அப்பா என் தலையப் பாப்பாருங்க. 'அவுழவே இல்ல பாரு, எனக்கும் பழகிருச்சு'ன்னு சந்தோசப்படுவாருங்க."

அவிழ்த்ததைத் திரும்பப் பின்னப் பார்த்தேன். மூன்று தடவை பின்னினேன். அந்தக் கோணல் என் கைக்கு வரவே இல்லை. கடைசியில் நானே அவளைப் பெரிய டீச்சரிடம் அனுப்பிவைத்தேன்.