துடைக்காத வீடு

என் அண்ணி லூர்தெஸுக்கு வீடு வாங்கத் தெரியாது என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. மற்றவர்கள் போட்டுக்கொடுப்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்தொன்பது வருஷம் அவளோடு ஒரே வேனில் வேலைக்குப் போய், ஒரே வாளியில் துணி பிழிந்தவள் நான். எனக்கே அவளைத் தெரியவில்லை என்றால் பாருங்கள்.

ஒன்பது வயதில் மால்டாவிலிருந்து பெற்றோரோடு கப்பலில் மெல்போர்ன் வந்தவள் அண்ணி. பதினைந்து வயதில் துண்டு நெய்யும் ஆலையில் சேர்ந்தாள். ஆலை மூடியபோது என்னோடு துப்புரவு வேலைக்கு வந்தாள். ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் இல்லை, புதிதாகக் கட்டிய வீடுகள் மட்டும். கொத்தனாரும் பெயிண்டரும் டைல்ஸ்காரரும் போன பிறகு, வாங்குகிறவர் வருவதற்கு முன்னால், நடுவில் நாங்கள். கண்ணாடியில் தெறித்த பெயிண்டை பிளேடால் சுரண்ட வேண்டும். தரையில் காய்ந்த சிமென்ட்டைத் தேய்த்து எடுக்க வேண்டும். அலமாரிக்குள் இருக்கும் மரத்தூளை ஒரு துளி விடாமல் உறிஞ்ச வேண்டும். எத்தனையோ குடும்பங்கள் எங்கள் கை பட்டுப் பளபளத்த வீட்டுக்குள் குடியேறியிருக்கின்றன. அண்ணி மட்டும் கல்யாணமான நாள் முதல் வாடகை வீட்டில்.

போன வருஷம் வீட்டுக்காரர் ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். போதுமடா சாமி என்று இரண்டு பேரும் சொந்த வீடு வாங்க முடிவு செய்தார்கள். அண்ணிக்கு ஐம்பத்தேழு வயது. என் அண்ணன் சால்வுவுக்கு அறுபத்தொன்று, இறைச்சி ஆலையில் நின்று நின்று முழங்கால் போனவன். அந்த வயதில் வங்கி ஒரு தடவை தலையாட்டியதே பெரிய விஷயம், இன்னொரு தடவை ஆட்டாது. தப்பான வீடாக அமைந்துவிட்டால் சாகும்வரை அதிலேயே கிடக்க வேண்டியதுதான்.

வீடு பார்த்தது நாங்கள் வேலை செய்த இடத்திலேயே. ஊருக்கு மேற்கே, காற்று ஆளையே தள்ளும் பொட்டல். குடியிருப்புக்கு ஏரிக்கரை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏரி என்று அவர்கள் காட்டியது மழைத்தண்ணீர் தேங்குவதற்கு வெட்டிய பள்ளம். மண் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் பிளக்கும். அந்த மண்ணில் கட்டிய வீட்டைக் கவனமாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று மேற்குப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் மனதைப் பறிகொடுத்தது பதினொன்றாம் எண் வீட்டில். குறிப்பாக அதன் கார் கொட்டகையில். மால்டாக்காரனுக்கு அங்கே கார் நிற்காது. திராட்சை ரசப் பீப்பாய் நிற்கும், தக்காளி சாஸ் காய்ச்சும் அண்டா நிற்கும், ஈஸ்டருக்கு முப்பது பேர் உட்காரும் மேசை நிற்கும். "ரெண்டு கார் அகலம், ரீட்டா! சமையலுக்குத் தனி அடுப்பே போட்டுடலாம்" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். எனக்கும் அந்த வீடு பிடித்திருந்தது.

ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போனோம். விற்பனையைக் கவனித்த பையன் ட்ரெண்ட். இருபத்தைந்து வயது, கூர் மூக்கு ஷூ, வாயை மூடத் தெரியாத சிரிப்பு. அண்ணி மாதா கோயிலுக்குப் போடும் நீலக் கோட்டில் வந்திருந்தாள். சனிக்கிழமை பார்க்க வருகிறவர்களுக்காக அந்த வீட்டை வெள்ளிதோறும் நாங்கள்தான் துடைப்போம். முந்தின நாள்தான் அதைத் தலையில் துணி கட்டிக்கொண்டு துடைத்திருந்தாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சமையலறைக் கல்மேடையில் காகிதத்தை விரித்துவிட்டு, "வெளியில இன்னொரு ஜோடி காத்திட்டிருக்காங்க, சால்வு. நான் அவசரப்படுத்தல. ஆனா இப்ப விட்டா போச்சு" என்றான். அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான்.

அண்ணி மட்டும் எங்களை விட்டுத் துணி துவைக்கும் அறைக்குப் போய், கொட்டகையை ஒட்டிய சுவரோரம் குனிந்து நின்றாள். நான் பின்னால் போனேன்.

"என்ன அண்ணி, அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லையே, அதான் பாக்கறேன்."

ட்ரெண்ட் அதைக் கேட்டுவிட்டான். "ஒரு தூசி இருக்காது, லூர்தெஸ்! தடவிப் பாருங்க. எங்க கட்டுமானத் தரம் அப்படி."

அண்ணி நிமிர்ந்தாள். அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது. அது சிவந்தால் நான் ஒதுங்கி நிற்பது வழக்கம்.

"உங்க தரமா? தம்பி, அது என் கை. நேத்து சாயங்காலம் இதே மூலையில முட்டி போட்டு உக்காந்து துடைச்சேன். போன வெள்ளிக்கிழமையும் துடைச்சேன். அதுக்கு முந்தின வெள்ளியும். மூணு தடவை ஒரே இடத்துல ஒரு சாண் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்துச்சு."

ட்ரெண்டின் சிரிப்பு கொஞ்சம் கோணியது. "புதுச் செங்கல்லுன்னா உப்புப் பூக்கும். அது சகஜம்."

"ஒரு தடவை பூத்தா செங்கல். மூணு தடவை பூத்தா தண்ணி. இந்த அடிப்பலகையைப் பாரு, உப்பிப்போய் நிக்குது. பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கீங்க, மீதியை நான் மறைச்சிருக்கேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்கும் உறைத்தது. எந்த வீடாக இருந்தாலும் அதன் குறையை முதலில் பார்ப்பது நாங்கள். பார்த்ததும் துடைத்து இல்லாமல் ஆக்குவதும் நாங்கள்தான். அந்த மூலையில் மூன்று வெள்ளிக்கிழமை நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

அண்ணனுக்குக் கொட்டகையை விட மனசில்லை. "உப்புதானே லூர்தெஸ்? ஊதினா போயிடும். பூரா வீட்டையும் பாரு."

"நீ ஊதிக்கிட்டே இரு, சால்வு. நான் அந்த ஈரத்துல படுக்க மாட்டேன்." பேனாவை அவன் கையிலிருந்து வாங்கிக் கல்மேடையில் வைத்தாள். பிறகு ட்ரெண்டிடம் திரும்பி, "அழுக்கா இருக்கிற வீடு ஏதாவது இருந்தா காட்டு" என்றாள்.

"அழுக்கா இருக்கிறதா?"

"வேலை முடிஞ்சு, இன்னும் எங்களை உள்ள விடாத வீடு. பத்தொன்பதாம் நம்பர் அப்படித்தானே இருக்கு? புதன்கிழமை எங்க முறை."

"அப்படி யாருக்கும் காட்டறதில்லைங்க. யாரும் கேட்டதும் இல்ல."

"இப்ப நான் கேக்கறேன்ல?"

ட்ரெண்ட் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டே சாவியை எடுத்தான்.

பத்தொன்பதாம் எண் வீடு சின்னது. கொட்டகை ஒரு காருக்குத்தான். உள்ளே போனதும் அண்ணனுக்கு இருமல் வந்தது. தரையெல்லாம் வெள்ளைத் தூசி, பூட்ஸ் தடம், யாரோ தின்றுவிட்டுப் போட்ட இறைச்சிப் பேஸ்ட்ரியின் காகித உறை. சுவரில் பென்சிலால் கால்பந்து ஆட்டத்தின் கோல் கணக்கு. அண்ணியோ நகைக்கடைக்குள் நுழைந்தவள் மாதிரி நின்றாள். கோட்டு முனையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அறை அறையாகக் குனிந்து பார்த்தாள். தூசியைக் கிள்ளி விரலிடுக்கில் உருட்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது. சுவரோரம் எங்கேயும் கட்டி தட்டவில்லை, கறை கட்டவில்லை.

"ட்ரெண்ட், வெளிக் குழாய்ல ஒரு வாளி தண்ணி பிடிச்சிட்டு வா."

"நானா?"

"உன்னைத்தான் சொல்றேன். எனக்கு இன்னிக்கு லீவு."

குளியலறையில் ஷவருக்குக் கீழே தண்ணீரைக் கொட்டினாள். துடைத்த தரையில் தண்ணீர் போகும் வழி தெரியாது. இங்கே தூசியை இழுத்துக்கொண்டு அது கோடு போட்டபடி நேராக வடிகாலுக்குப் போனது. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான். படி இல்லை, தடுக்க எதுவும் இல்லை, ஈரம் தேங்கவும் இல்லை. இரண்டாவது குளியலறையில் மட்டும் தண்ணீர் ஒரு மூலையில் குட்டையாக நின்றது.

"இதைப் பேத்துட்டு மறுபடி போடணும். எழுதிக்கோ" என்றாள் அண்ணி. ட்ரெண்ட் உண்மையாகவே எழுதிக்கொண்டான். "இன்னொண்ணும் எழுது. சாவி குடுக்கிற நாள் வரைக்கும் இந்த வீட்டை யாரும் துடைக்கக் கூடாது. மழைக்காலம் பூரா இது இப்படியே அழுக்காவே கிடக்கணும். நான் வந்து பாப்பேன்."

ட்ரெண்ட் முதலாளிக்குப் போன் போட்டான். மறுமுனையில் அவர் சிரித்தது எங்களுக்கே கேட்டது. சிரித்துவிட்டுச் சம்மதித்துவிட்டார். இரண்டு பேரும் பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணன் காருக்குப் போகும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அப்ப அண்டாவை எங்கடி வைக்கறது?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொன்றாம் எண்ணைத் துடைக்கப் போனோம். சுவரோரம் மறுபடியும் உப்பு. நான் பழக்கத்தில் துணியை எடுத்தேன். "அதைத் தொடாதே ரீட்டா" என்றாள் அண்ணி. வீடு முழுவதையும் கண்ணாடியாக ஆக்கிவிட்டு அந்த ஒரு சாண் உப்பை மட்டும் விட்டுவிட்டு வந்தோம். சனிக்கிழமை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். திங்கட்கிழமை மண்வெட்டும் எந்திரம் வந்தது. கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை அடியில் வடிகாலோடு இணைக்கவே மறந்திருந்தார்கள். பெய்த மழையெல்லாம் அஸ்திவாரத்துக்கு அடியில் கரிசலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் அண்ணன் பாலாடைக்கட்டி அடைத்த மால்டாப் பலகாரமான பாஸ்டிட்ஸி ஒரு டஜன் வாங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் அண்ணியின் தட்டில் வைத்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வராது. அதற்குப் பதில்தான் அந்தப் பன்னிரண்டும்.

ஜூலை முழுக்க மழை கொட்டியது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் மூன்று பேரும் பத்தொன்பதுக்குப் போவோம். தூசி தூசியாகவே கிடந்தது. பெயர்த்து மறுபடி போட்ட மூலையில் தண்ணீர் வடிந்தது. மற்றவர்கள் புது வீட்டுக்குத் திரைச்சீலை பார்க்கப் போவார்கள். என் அண்ணி அழுக்கைப் பார்க்கப் போய்ச் சந்தோஷமாகத் திரும்பி வருவாள்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் சாவி கொடுக்கும் நாள் குறித்தார்கள். அன்று காலை எங்கள் வேலைச் சீட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? பத்தொன்பதாம் எண், லார்க் தெரு, இரண்டு பெண்கள், ஆறு மணி நேரம். அண்ணி சீட்டைப் படித்துவிட்டு வேனில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் வீட்டை அவளே துடைக்க, கட்டினவன் கூலி கொடுக்கிறான்!

அவள் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் சட்டத்தின் இடுக்கைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். கோல் கணக்கை மட்டும் அழிக்கவே மனம் வரவில்லை என்று கடைசிவரை தள்ளிப்போட்டு, பிறகு அதையும் அழித்தாள். ஒன்றே முக்காலுக்குத் தரை துடைத்து முடித்தோம்.

அப்போது மேற்பார்வையாளர் கிளென் வந்தான். பரிசுக் கூடை ஒன்றும், ரிப்பன் கட்டிய சாவியும் கையில். விற்பனைக்காரர்களும் கட்டுகிறவர்களும் ஒரே கம்பெனியாக இருந்தும் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. எங்கள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் வரும்போது துப்புரவுக்காரிகள் கண்ணில் படக் கூடாது என்பது அவன் சட்டம். அதனால் பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் புது வீட்டுக்குள் கால் வைப்பதை நாங்கள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"அம்மாமார்களே, கிளம்புங்க, கிளம்புங்க. ரெண்டு மணிக்கு வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. பின்பக்கமா போயிடுங்க."

அண்ணி ரப்பர் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். தலைத்துணியை அவிழ்த்து மடித்தாள். குழாயில் கையைக் கழுவினாள்.

"வந்தாச்சு" என்றாள்.

"எங்க?" கிளென் தெருவைத் திரும்பிப் பார்த்தான். தெருவில் என் அண்ணன் மட்டும் காரிலிருந்து அண்டாவை இறக்கிக்கொண்டிருந்தான்.

"காகிதத்தைப் பாரு. பேரு என்ன போட்டிருக்கு?"

"லூர்தெஸ் ஸமிட்."

"அது நான்தான்."

கிளென் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் பார்த்தான். காது வரை சிவந்தான். பிறகு கூடையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு வாசல்படியைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"நில்லு" என்றாள் அண்ணி. "பூட்ஸைக் கழட்டிட்டு வா. என் வீடு, இப்பத்தான் துடைச்சேன்."

கிளென் கூடையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.