பொட்டு வைத்த துப்பாக்கி

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் சாலையில் போலீஸ் செக்போஸ்ட். காரை ஓரங்கட்டச் சொல்கிறார் ஏட்டு. பின்சீட்டில் என் துப்பாக்கிப் பெட்டி இருக்கிறது. மலேசியாவில் துப்பாக்கி சுடும் போட்டி. சாயங்காலம் சென்னையில் விமானம். லைசென்ஸ், வெளிநாடு கொண்டுபோகும் அனுமதி, விமானக் கம்பெனிக் கடிதம் எல்லாவற்றையும் நீட்டுகிறேன். லைசென்ஸில் உள்ள நம்பர் துப்பாக்கியிலும் இருக்கிறதா என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டுமாம்.

பெட்டியைத் திறக்கிறேன். நான் ஜெயிக்க வேண்டுமென்று காலையில் அம்மா வைத்த குங்குமம், சரியாக நம்பர் மேல் அப்பியிருக்கிறது. கைக்குட்டையை எடுக்கிறேன். ஏட்டு பதறுகிறார்.

"தொடைக்காதீங்க சார்! சாமி குங்குமம். நான் நிக்கும்போது வேணாம்."

"ஃபிளைட் போயிடும் சார்."

"இருங்க, வழி இருக்கு."

ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு விரலால் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்கிறார். முதல் எண் தெரிகிறது. உடன் நிற்கும் காவலர்கள் இருவரும் இட்டுக்கொள்கிறார்கள். மூன்றாயிற்று. எதிரே இளநீர் விற்கும் அம்மாவைப் பார்த்து ஏட்டு கத்துகிறார்.

"யக்கா, சீக்கிரம் வாங்க, இன்னும் ரெண்டு நம்பர் பாக்கி!"

அந்த அம்மா நெற்றியில் ஒன்று, தாலியில் ஒன்று வைத்துக்கொள்கிறார். ஐந்து எண்களும் சரியாக இருக்கின்றன. ஏட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

அடுத்தது தோட்டாப் பெட்டி. திறந்து காட்டுகிறேன். எட்டிப் பார்த்தவரின் முகம் வாடிப்போகிறது.

"என்னா சார், குறியில போய்ப் படப்போறது இதானே? இதுக்குல்ல மொதல்ல பொட்டு வச்சிருக்கணும்!"