பாதி ஆந்தை

எழுபதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கல்யாண ஸ்டுடியோ வைத்திருந்தார் அவர். காதுக்குக் கீழே இறங்கிய கிருதா. பிளாஷ் பல்பை மாட்டும் முன் அதன் அடியை ஒரு தரம் நக்குவார். நக்கினால்தான் பல்பு ஏமாற்றாதாம். எதிர் ஸ்டுடியோ முகப்பில் ஒரு மயில் படம் வந்ததும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. பறவைப் புத்தகம் படித்த திமிரில், பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு புளியமரத்தில் ஆந்தை இருப்பதாக நான்தான் உளறி வைத்தேன்.

மரமும் படத்தில் விழவேண்டும் என்று அந்தி வெளிச்சத்தில் லென்ஸை நெடுநேரம் திறந்து வைத்தார். மாப்பிள்ளையிடம் சொல்வதுபோல ஆந்தையிடம், "ஆடாம இருங்க" என்றார். பிளாஷ் வெட்டியது. ஆந்தை பறந்தது. லென்ஸ் திறந்தே இருந்தது.

பிலிமைக் கழுவிப் பார்த்தால், ஆந்தை போன பின் பதிந்த புளியங்கிளை அதன் வயிற்றுக்குள் தெரிந்தது. அந்தக் கண்ணறாவியைப் பெரிதாக்கி முகப்பில் மாட்டினார்.

"கல்யாணக் கடையில ஆந்தையா? யாருங்க உள்ள வருவாங்க?" என்றேன்.

"பாதிதானுங்களே இருக்குது. சகுனத்துலயும் பாதி கழிச்சுக்குவாங்க."

யாரும் கழிக்கவில்லை. தை முகூர்த்தமெல்லாம் மயில் கடைக்குப் போயிற்று.

"இப்பவாவது கழட்டுங்க."

"மாப்பிள்ளை படமெல்லாம் அவங்கவங்க வூட்டுப் படமுங்க. இது ஒண்ணுதான் என்னுது."

அடிமுட்டாள் என்று முடிவுகட்டிவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கிளை தெரியும் வயிற்றின் முன் நின்றுவிடுவேன். எதிரில் இருந்த முழு மயிலை நான் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.